வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரை: கர்ப்பிணிப் பயணத்தில் எது ஆபத்து, எது வெறும் பயம்

ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தாய்வீடு பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இருக்கும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எழுதாத சட்டம். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கர்ப்பிணி பயணம் போகிறாள் என்றால் அது சுற்றுலா இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேன், ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு, அது முடிந்த கையோடு அம்மா வீடு. "போகாதே" என்று சொல்லி நிறுத்திவிட முடியாத பயணங்கள்.

இந்தப் பயணங்களைப் பற்றிய பயம் பெரும்பாலும் தவறான இடத்தில் குவிந்திருக்கிறது. பஸ் குலுக்கலில் கரு கலைந்துவிடும் என்பதுதான் எல்லார் வாயிலும் வருவது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். வீட்டில் படுத்தே கிடந்தாலும் அவை நின்றிருக்காது. அந்த மாதங்களில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பிறகு மேலே எழும்பினாலும் குழந்தையைச் சுற்றிப் பனிக்குட நீர், அதைச் சுற்றித் தடித்த தசை. குலுக்கல் முதலில் சோதிப்பது தாயின் முதுகைத்தான். கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்துவிடுவதால் சாதாரண வேகத்தடைகூட இடுப்பில் சுளீர் என்று தைக்கும். வலி உண்டு, ஆனால் அது கருச்சிதைவு இல்லை.

நிஜமான ஆபத்துகள் சத்தம் போடாதவை. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது, சிறுநீரை அடக்குவது, அதற்கென்றே தண்ணீர் குடிக்காமல் வருவது, காரில் பெல்ட் போடாமல் இருப்பது, வழியில் ஏதாவது ஆனால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் போவது.

மாதக் கணக்கும் வாரக் கணக்கும்

வீட்டில் சொல்லும் "ஒன்பதாம் மாதமும்" மருத்துவர் சொல்லும் வாரமும் ஒன்றுக்கொன்று இடிப்பதில்தான் பாதிக் குழப்பம். நம் வழக்கில் பிள்ளைப்பேறு பத்து மாதம். ஒரு மாதத்துக்கு 4 வாரம் என்று வைத்தால் பத்து மாதம் 40 வாரம். அந்தக் கணக்கில் ஏழாம் மாதம் என்பது 25 முதல் 28 வாரம், ஒன்பதாம் மாதம் என்பது 33 முதல் 36 வாரம். காலண்டர் மாதமாக எண்ணும் வீட்டில் இதே பெயர்கள் இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போகும். ஆகவே பயணத் தேதி குறிக்கும்போது மாதத்தைப் பார்க்காமல், முதல் ஸ்கேன் தாளில் உள்ள வாரத்தை எடுத்து அன்றைய தேதிவரை கூட்டிக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு உகந்த காலம் 14 முதல் 28 வாரம். வாந்தி அடங்கியிருக்கும், வயிறு இன்னும் வழிமறிக்காது, குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் குறைவு. தாய்வீடு மூன்று நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தால் ஏழாம் மாத வளைகாப்பே நல்லது; வளையல் போட்ட கையோடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஒன்பதில்தான் வழக்கம் என்னும் குடும்பங்கள் பெண்ணை ஏழிலேயே அனுப்பிவிட்டு, சடங்கைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேர் வேனில் வருவது சுலபம். 35 வாரக் கர்ப்பிணி ஒருத்தி அந்த வழியைக் கடப்பதுதான் கஷ்டம்.

சிலர் மருத்துவர் நேரடியாகச் சரி என்று சொல்லாமல் கிளம்பவே கூடாது. ரத்தப்போக்கு இருந்தவர்கள், "நஞ்சு கீழே இருக்கு" என்று, அதாவது நஞ்சுக்கொடி கருப்பை வாய்ப்பக்கம் இருப்பதாக, ஸ்கேனில் வந்தவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள், முந்தைய குழந்தை குறைமாதத்தில் பிறந்தவர்கள், ரத்த அழுத்தம் ஏறி முகமும் கையும் வீங்கியவர்கள், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கியவர்கள். இரட்டைக் குழந்தை என்றால் மேலே சொன்ன 28 வாரத்தில் நான்கு வாரத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

காரில் பெல்ட்

"வயிற்றை அழுத்தும்" என்று பெல்ட்டை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. விபத்தில் நடப்பது இதுதான்: கருப்பை ரப்பர்போல நெளியும் தசை, அதன் உள்சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சு நெளியாது. திடீர் பிரேக்கில் உடம்பு முன்னால் பாய்ந்து எதிலாவது மோதினால், கருப்பை உருமாறும். நஞ்சு பிய்ந்து தனியே வரும். குழந்தைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. பெல்ட் இந்தப் பாய்ச்சலைத் தடுக்கிறது. போடும் முறை தெரிந்திருந்தால் அது வயிற்றை அழுத்துவதும் இல்லை.

முதலில் இருக்கையில் முதுகை முழுதாகச் சாய்த்து உட்கார வேண்டும். நுனியில் உட்கார்ந்தால் கீழ்ப்பட்டை மேலே ஏறும். கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், தொடை தொடங்கும் இடத்தில், இரண்டு இடுப்பெலும்புகளும் தாங்குமாறு தாழ்த்தி இழுக்க வேண்டும். தொப்புள் மேல் கிடந்தால் மோதலில் அதுவே வயிற்றை அழுத்தும். குறுக்குப்பட்டை தோளின் நடுவில் இறங்கி, இரண்டு மார்புக்கும் நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னோ போகக் கூடாது. பிறகு தோள் பக்கம் ஒரு இழுப்பு இழுத்துத் தொய்வை எடுக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மடிப்பு பட்டையை மேலே தூக்கும் என்பதால் பயண நாளில் சுடிதாரோ தளர்ந்த பருத்தி உடையோ வசதி.

வாடகைக் காரில் இன்னொரு சிக்கல். பின் இருக்கையின் பெல்ட் பட்டை தொங்கும். அதை மாட்டும் பூட்டு இருக்கை உறைக்குள் புதைந்திருக்கும். வண்டி வாசலுக்கு வந்ததும், பெட்டி ஏற்றுவதற்கு முன், உறையின் இடுக்கில் கையை விட்டு அந்தப் பூட்டை வெளியே எடுத்து ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டுநர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

முன் இருக்கையில் உட்கார்ந்தால் ஏர்பேக்கை அணைக்க வேண்டாம். இருக்கையைப் பின்னால் தள்ளி, டாஷ்போர்டுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் விட வேண்டும். தானே ஓட்டுகிறவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து அதே இடைவெளி. சாய்வை மாற்ற முடிந்தால் ஸ்டியரிங் வயிற்றைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கட்டும். வயிறு ஸ்டியரிங்கைத் தொடுகிற நாளில் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டியதுதான்.

வளைகாப்பு அன்றே கிளம்பும் பெண்ணின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் இருக்கும். மோதலில் உடைந்தால் அவையே கிழிக்கும். ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றவும் பிரஷர் பார்க்கவும் தடையாகும். கைக்கு இரண்டு மூன்று விட்டு மற்றதைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொள்ளலாம். கையில் கொடுத்தனுப்பும் வேப்பிலை ஒன்றும் செய்யாது. இரும்புத் துண்டு மட்டும் கூர் இல்லாததாக, பையின் அடியில் இருக்கட்டும்.

உட்கார்ந்தே வருவது

கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். பிரசவத்தில் ரத்தம் வீணாகாமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதே நேரம் பெருத்த கருப்பை இடுப்பிலுள்ள சிரைகளை அழுத்துவதால் காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவது மந்தமாகும். இரண்டும் சேர, காலில் ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட நான்கைந்து மடங்கு கூடுகிறது. பெரும்பாலும் இடது காலில். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்காரும் எந்தப் பயணமும், அது சொகுசு ஏசி காரானாலும், இந்த வாய்ப்பை இன்னும் ஏற்றும்.

இதற்கான வேலை எளிது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் நடக்க வேண்டும். ஓசூரிலிருந்து தருமபுரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் என்றால் கிருஷ்ணகிரியில் ஒரு நிறுத்தம் போதும். சென்னையிலிருந்து வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்கள் 250 கிலோமீட்டருக்கு மேல் வருகிறார்கள். மூன்று நிறுத்தமாவது வேண்டும். நடுவில் உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று அரை மணிக்கு ஒருமுறை இருபது முப்பது தடவை. கெண்டைக்கால் தசைதான் காலின் பம்ப். அது சுருங்கினால்தான் ரத்தம் ஏறும். கால்மேல் கால் போடுவதும், பையைக் காலடியில் அடைத்துக்கொள்வதும் அந்தப் பம்பைக் கட்டிப்போடும். நரம்பு சுருட்டல் உள்ளவர்கள் முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு காலும் ஒரேபோல வீங்குவது சாதாரணம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதுகுக்கு ஒரு குளியல் துண்டைச் சுருட்டி இடுப்பின் குழிவில் வைத்தால் போதும். இருக்கையைச் சாய்த்துத் தூங்கினால், 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் சாய வேண்டும். மல்லாந்தால் கருப்பை பெருஞ்சிரையை நசுக்கி, தலைசுற்றலும் வியர்வையும் வரும்.

தண்ணீரும் கழிப்பறையும்

கழிப்பறை கிடைக்காது என்று காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்திக்கொள்வது பெண்கள் காலங்காலமாகச் செய்வது. கர்ப்பத்தில் இதற்கு விலை அதிகம். ஹார்மோனால் சிறுநீர்க் குழாய்கள் தளர்ந்து, சிறுநீர் தேங்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகினால் நீர்க்கடுப்போடு நிற்காது; சிறுநீரகம் வரை ஏறிக் குளிர்காய்ச்சலாகி, அந்தக் காய்ச்சலே குறைமாத வலியைக் கிளப்பும். உடம்பில் நீர் வற்றினாலும் கருப்பை இறுகும். மாங்காய் சீசனில், கிருஷ்ணகிரி வெயில் கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மணிக்கு ஒரு டம்ளராவது உள்ளே போக வேண்டும். வியர்த்தால் ஒரு லிட்டருக்கு ஒரு ஓஆர்எஸ் பொட்டலம். சர்க்கரை உள்ளவர்கள் உப்புப் போட்ட மோர் குடிக்கலாம்.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை உண்டு. சுத்தம் அன்றைய அதிர்ஷ்டம். கடைசி மாதங்களில் குத்தவைத்து எழுவது சிரமம் என்பதால், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள பெரிய ஹோட்டல்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது பயன்படும். ஈரத்தரையில் வழுக்காத செருப்பும் துணைக்கு வாசலில் ஒரு ஆளும் கட்டாயம்.

சேலம் போகிறவர்கள் தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே, தருமபுரியிலேயே, கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் செங்குத்துச் சரிவில் டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளும் பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளும் மோதுவது ஓயாத கதை. மோதல் நடந்தால் கணவாயில் மணிக்கணக்கில் நிற்க நேரும். அங்கே இறங்கி ஒதுங்க இடம் கிடையாது. இரவில் அந்த வழியைத் தவிர்ப்பது நல்லது. ராகு காலத்துக்கு முன் வீட்டை விட்டு இறங்கியே ஆக வேண்டுமென்றால் விடிந்தபின் வரும் நல்ல நேரமாகப் பார்த்துக் குறியுங்கள்.

குடிநீர் வீட்டிலிருந்தே போகட்டும். இந்த இரு மாவட்டங்களின் போர்வெல் நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதே அதற்காகத்தான். ஒரு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் தாய்வீட்டில் மாதக்கணக்கில் தங்கப்போகும் பெண்ணுக்கு ஒகேனக்கல் தண்ணீரே கொடுக்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு கிளம்பினால் குமட்டல் கூடும். இரண்டு இட்லியோ ஒரு ராகி தோசையோ சாப்பிட்டுக் கிளம்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வாழைப்பழம், வேர்க்கடலை உருண்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கலாம். வழியில் சூடாக இறக்கிய இட்லி நல்லது. அதோடு வரும், காலையிலேயே அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னியும் தள்ளுவண்டியில் நறுக்கி வைத்த பழமும்தான் வயிற்றைக் கெடுக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் சத்து சரியாக ஏறாது.

பஸ், வண்டி, ரயில்

பஸ்ஸில் இருக்கை எது என்பது பெரிய விஷயம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கைகளில் அதிர்வு குறைவு. பின் சக்கரத்தைத் தாண்டி நீளும் பகுதி சீசாப் பலகையின் நுனி மாதிரி. சக்கரம் ஒரு அங்குலம் எழும்பினால் கடைசி சீட்டு அதைவிட அதிகம் தூக்கிப்போடும். டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கூட்டமும் அதிகம். நின்று வருவதைவிட அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது மேல். ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிறார்கள். வயிறு காரணமாகப் படி கண்ணுக்குத் தெரியாது, ஓட்டுநரோ கால் தரையில் படுவதற்குள் எடுத்துவிடுவார். "மாசமா இருக்காங்க, நிறுத்தி இறக்குங்க" என்று ஒரு நிறுத்தம் முன்பே நடத்துநரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரு சக்கர வண்டியைத் தவிர்க்கச் சொல்வது சுலபம். பல கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக டிவிஎஸ் எக்ஸெல்தான் இருக்கும். 28 வாரம் வரை, பகலில், குறைந்த தூரம், வேகத்தடையில் ஏறக்குறைய நின்று ஏறும் வேகம் என்றால் போகலாம். ஒருபக்கமாக உட்காருவதைவிட இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நிலையானது, துப்பட்டா, முந்தானை இரண்டையும் இடுப்பில் சொருக வேண்டும், தலைக்கவசம் இருவருக்கும். 28 வாரத்துக்குப் பிறகு உடம்பின் எடைமையம் முன்னால் தள்ளிப்போவதால் சின்ன வளைவில்கூடச் சமநிலை தவறும். ஆபத்து குலுக்கலில் இல்லை, விழுவதில்தான்.

தூரப் பயணத்துக்கு ரயிலே முதல் தேர்வு. நடக்கலாம், கழிப்பறை கூடவே வரும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் இல்லை. தருமபுரி வழியாக ஓசூர், பெங்களூரு செல்லும் பாதை உண்டு; சென்னை பக்கம் போக மொரப்பூர். கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்றோடு முன்பதிவுக் கவுண்டரில் கேட்க வேண்டும். சின்ன நிலையங்களில் வண்டி கொஞ்ச நேரமே நிற்கும். பெட்டியை முதலில் ஏற்றாமல், பெண்ணை முதலில் ஏற்ற வேண்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான நிறுவனங்கள் ஒற்றைக் கருவானால் 36 வாரம் வரை ஏற்றும். கடைசி வாரங்களுக்கு மருத்துவர் சான்று கேட்கும். ஓசூரிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு நகரத்தையே கடக்க வேண்டும் என்பதால், பறக்கும் நேரத்தைவிட அந்த நெரிசலில் உட்காரும் நேரமே கூடுதலாகலாம்.

பையும் வழியும்

தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததும் கிடைக்கும் பிக்மி எண், எல்லா ஸ்கேன் தாள்கள், ரத்த வகை, ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை. இவை பெட்டிக்குள் போகக் கூடாது. பெண்ணின் தோள்பையில் இருக்க வேண்டும், போனில் படமும் இருக்க வேண்டும். கர்நாடகத்தில் பதிந்திருந்தால் அங்குள்ள தாயி கார்டும். கிளம்பும் முன் இந்த ஊர் நர்சம்மாவிடமும், போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்த ஊர் நர்சம்மாவிடமும் சொல்லிவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழிலிருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை வரை எல்லாம் அந்தப் பிக்மி எண்ணில் தொங்குகிறது.

அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களில் பிரச்சினை தலைகீழ்: பிரசவத்துக்கு மலையை விட்டு இறங்க வேண்டும். தேன்கனிக்கோட்டைக் காட்டுச் சாலையில் இரவில் யானை நின்றால் வண்டி நிற்கும். மழையில் பாதை அறுபடும். வலி வந்தபின் இறங்கலாம் என்று இருக்கக் கூடாது. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பே, ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் இன்னும் முன்பே, கீழே உறவினர் வீட்டிலோ மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலோ வந்து தங்கிவிட வேண்டும்.

வழியில் ரத்தம், பனிக்குடம் உடைந்து நீர், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு, குழந்தை அசைவு குறைதல், பத்து நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் வலி என எது தெரிந்தாலும் தாய்வீட்டை மறந்துவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குத் திருப்ப வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-ஐ அழைத்தால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லையில் எந்த மாநிலம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பிறகு எந்த ஊரைப் பார்த்துப் போகும் பக்கம், கிலோமீட்டர் கல்லில் என்ன எண். தேசிய நெடுஞ்சாலையில் 1033-உம் உதவும். சின்ன மோதல் என்றாலும், வலியே இல்லை என்றாலும், மருத்துவமனையில் குறைந்தது நான்கு மணி நேரம் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். நஞ்சு பிரிவது தாமதமாகவும் தெரியும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி.

குழந்தையின் தலையே தெரிய ஆரம்பித்துவிட்டால் வேகமாக ஓட்டிப் பயனில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, 108-இல் பேசுகிறவரை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, தாயை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். தலையைக் கையால் தாங்கலாம், இழுக்கக் கூடாது. வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெற்று மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள்கொடியை பிளேடாலோ கத்தியாலோ வெட்ட வேண்டாம். நஞ்சு தானாக வெளிவந்தால் அதைச் சுத்தமான பையில் போட்டு, கொடியோடு அப்படியே குழந்தையின் பக்கத்தில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முழுதாக வந்திருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.